நான்கு தூண்களும் ஒரு மண்ணிறப் போத்தலும்

1. வடைத் தட்டில் விழுந்தது

மன்னார்த் தீவில் என் முதல் வேலை நாளன்று, உள்ளங்கை அளவான ஒரு கொங்கிறீற்றுத் துண்டு எஞ்சினியரின் வடைத் தட்டில் விழுந்தது.

அதுவரை நான் கடலுக்குத் தூரமான பெரியமடுப் பக்கம் வாய்க்கால்களும் மதகுகளும் கட்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பது பதவியின் முழுப் பெயர். எல்லோரும் ரீ.ஓ. என்பார்கள், நான் பெண் என்பதால் ரீ.ஓ. மிஸ். தீவுக்கு மாற்றமாகி வந்த அன்றே, கரையோரக் கிராமம் ஒன்றில் மீனவர் சங்க மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்று எஞ்சினியர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு எதைப்பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

மண்டபத்தின் கூரையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று சங்கத்தார் பலமுறை கடிதம் போட்டிருந்தார்கள். அன்று எங்களுக்காகக் கூட்டம் வைத்து வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். எஞ்சினியர் கதிரையில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தார். அது மேற்பூச்சில் வந்த வெடிப்பு என்றும், கட்டடத்துக்கு வயது அதிகமில்லை என்றும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் விளக்கினார். விளக்கிவிட்டு வடையை எடுக்கக் கையை நீட்டினார். அப்போதுதான் விழுந்தது. தட்டு இரண்டாகப் போனது. சம்பல் அவருடைய வெள்ளைச் சேட்டின் பொத்தான் வரிசை முழுக்கத் தெறித்தது.

மாதர் சங்கத் தலைவி தெரேசக்கா எழும்பி வந்து ஒரு துவாயை நீட்டினார்.

"இதையும் கடிதத்தில எழுதட்டோ சேர்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் என்பதால் குனிந்து தரையைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேசைக்குக் கீழே ஓலைப் பாய்கள் சுருட்டி வைத்திருந்தார்கள். சின்னச் சின்னச் சிலேற்றுகளும் இருந்தன. அந்த மண்டபத்தில்தான் கிழமை நாட்களில் முன்பள்ளி நடந்தது. கூட்டம் சனிக்கிழமை என்பதால் துண்டு வடையில் விழுந்தது. திங்கட்கிழமையாக இருந்திருந்தால் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்திருக்கும்.

கூரையில் துண்டு பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. தட்டினால் வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகக் கழன்றது. பெரியமடுவில் நான் அப்படி ஒரு கம்பியைக் கண்டதேயில்லை. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சீமெந்தின் காரம் அதைச் சுற்றி ஒரு காப்பு போட்டு வைத்திருக்கும். உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு இடையிடையே ஓட்டையாகிவிடும். பிறகு துரு பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடக் கூடிய இடம் வேண்டும். உள்ளுக்குள் இடமில்லாததால் அது கொங்கிறீற்றைத் தள்ளும். தள்ளியதுதான் வடையில் விழுந்தது.

இதையெல்லாம் படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். மண்டபத்தை அன்றே பூட்டினார்கள். பக்கத்து வளவில் முன்பள்ளிக்கென்று இரண்டு அறைக் கட்டடம் ஒன்று கட்டுவதென்று தீர்மானமானது. மேற்பார்வை என் தலையில் விழுந்தது.

2. எல்லாவற்றுக்கும் ஓம்

வேலையைக் கொந்திராத்து எடுத்தவர் சவிரிமுத்தர். அந்தக் கரையில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. கோயில் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. மேசன்மார் சாந்து பூசும்போதும் அவர் மேலே நின்று ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். ஊரில் அவரைப் பிடிக்காதவர் இல்லை. எனக்கும் பிடித்தது, அதுதான் சிக்கல்.

முதல் நாள் அவரிடம் நான்கு விஷயம் சொன்னேன். கொங்கிறீற்றுக்குப் பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீர்தான் பாவிக்கவேண்டும், வளவுக் கிணறு உவர், அதைத் தொடக்கூடாது. மணல் அருவியாற்று மணலாக இருக்கவேண்டும், கரை மணல் ஒரு கூடைகூட வரக்கூடாது. கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவில் சீமெந்துக் கட்டிகள் வைத்துப் போதிய இடைவெளி விடவேண்டும், அந்த இடைவெளிக்குத்தான் நாங்கள் கவர் என்று சொல்கிறோம். கடைசியாக, போட்ட கொங்கிறீற்றை ஒரு கிழமை, ஏழு நாளாவது ஈரச் சாக்குப் போர்த்தி வைத்திருக்கவேண்டும்.

நான்குக்கும் அவர் தலையாட்டி ஓம் என்றார். அவர் ஓம் சொன்ன வேகத்தைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஏன், எதற்கு, முடியாது என்று சண்டை பிடிக்கிற கொந்திராத்துக்காரரை நம்பலாம். அவர் நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

வேலையிடத்தில் இரண்டு பீப்பா இருந்தது. நான் போகும் நேரமெல்லாம் வாசலுக்குக் கிட்ட இருந்த நீலப் பீப்பாவிலிருந்து ஒரு கோப்பை அள்ளித் தருவார்கள். வாயில் விட்டுப் பார்ப்பேன், நல்ல தண்ணீர். தேத்தண்ணியும் அதிலேயே போட்டுத் தருவார்கள். அத்திவாரம் முடிந்தது. நான் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய் ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது முன்பக்கத்துத் தூண்கள் நான்கும் எழும்பி நின்றன. சாக்குக்கூடப் போர்த்தியிருந்தார்கள். வடிவான தூண்கள். நானே பாராட்டினேன்.

அன்றைக்கு வளவுக்குள் ஒரு கழுதை வந்தது. மன்னாரில் கழுதை வருவது செய்தியல்ல. பின்பக்கம், கொங்கிறீற்று குழைக்கும் இடத்தில் இருந்த கறுப்புப் பீப்பாவில் மூக்கை வைத்து மணந்துவிட்டுத் தலையை எடுத்தது. அங்கிருந்து வளவு முழுக்க நடந்து வந்து, எனக்கு முன்னால் நீலப் பீப்பாவில் வாயை வைத்து நன்றாகக் குடித்தது. விரட்டியவர்களையும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் எழும்பிப் போய்க் கறுப்புப் பீப்பாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

சவிரிமுத்தர் பாட்டை நிறுத்தவில்லை, சுருதியை மட்டும் கொஞ்சம் குறைத்தார். அது சாமான் கழுவுவதற்கென்று கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீர் என்றார். தூணுக்கு அதைப் பாவிக்கவில்லையா என்று கேட்டேன். மாதாவாணை இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், மாதாவை விட்டுவிட்டு வெறுமனே இல்லை என்றார். கழுதைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றேன்.

"அப்ப கழுதை சொன்னதெண்டு ரிப்போட்டில எழுதப்போறீங்களோ மிஸ்?" என்றார். சுற்றி நின்ற மேசன்மார் எல்லோரும் சிரித்தார்கள்.

எஞ்சினியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவரும் கழுதையை எழுதாதையும், வேறு அத்தாட்சி இருந்தால் எழுதும் என்றுதான் சொன்னார்.

3. மண்ணிறப் போத்தல்

ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தி எனக்கு இருந்தாள். அவளிடம் கேட்டுச் சில்வர் நைத்திரேற்றுக் கரைசல் ஒரு போத்தல் வாங்கினேன். வெளிச்சம் படக்கூடாதென்று மண்ணிறப் போத்தலில் தருவார்கள். கொங்கிறீற்றைப் புதிதாக உடைத்து அந்த முகத்தில் சில துளி விட்டால், உப்பு இருக்குமிடம் பால்போல் வெள்ளையாகும். உப்பு இல்லாவிட்டால் பழுப்பாகும். கையில் பட்டால் மட்டும் கவனம். படும்போது ஒன்றும் தெரியாது, வெயில் பட்ட பிறகு தோல் கறுத்துப்போகும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. படிக்கும் காலத்தில் எனக்கே முதல்முறை பாவித்தபோது கட்டைவிரல் கறுத்து, ஒரு கலியாண வீட்டில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக் களைத்திருந்தேன்.

இப்போது நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். பரிசோதனையைச் சத்தமில்லாமல் செய்திருக்கலாம். கழுதைக் கதைக்குச் சிரித்த சிரிப்பு எனக்குள் இன்னும் வேகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சங்கத்தார் எல்லோரையும் வேலையிடத்துக்கு வரச்சொன்னேன். வந்தவர்களுக்குப் போத்தலைத் தூக்கிக் காட்டி, பால் மாதிரி வந்தால் உப்பு, அப்படி வந்தால் தூணை உடைக்கவேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தேன். பிறகு போத்தலைக் கைப்பைக்குள் வைத்து, பையைச் சீமெந்துக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து தேத்தண்ணி குடித்தேன். சவிரிமுத்தர் மட்டும் சீமெந்து மூட்டைகளைப் பார்த்துவிட்டு வருவதாகப் போய் வந்தார். வரும்போது பாடிக்கொண்டு வந்தார்.

தூணின் ஒரு மூலையை உளியால் உடைத்துத் துளிகளை விட்டேன். எல்லோரும் கிட்ட வந்து பார்த்தார்கள். ஈரமானது. வேறொன்றும் நடக்கவில்லை. இன்னும் விட்டேன். இன்னும் ஈரமானது. சவிரிமுத்தர் குனிந்து பார்த்து, பாலைக் காணவில்லையே மிஸ் என்று மிகவும் கவலைப்பட்டார்.

தெரேசக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. உப்பு இல்லாவிட்டால் பழுப்பாகவேண்டுமே. வெள்ளையும் வரவில்லை, பழுப்பும் வரவில்லை. சைக்கிளைக் கரையில் சாத்திவிட்டுக் கடல் தண்ணீரைக் கையில் அள்ளி, போத்தலிலிருந்து சில துளி விட்டேன். தெளிவாகவே இருந்தது. கடலில் உப்பில்லை என்று சொல்லும் போத்தல் அது. உள்ளே இருந்தது பவுசர்த் தண்ணீர்.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு விஷயம் யோசனைக்கு வந்தது. மூடி இறுக்கமான அந்தப் போத்தலை அவசரமாகத் திறந்து, ஊற்றி, கழுவி, நிரப்பியவரின் கையில் என்ன பட்டிருக்கும்? அன்றைக்கு நல்ல வெயில். கரையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தேன்.

4. ஞாயிறு

ஞாயிறு பூசைக்கு அந்தக் கிராமத்துக் கோயிலுக்குப் போனேன். பாடகர் குழுவில் சவிரிமுத்தர் நின்றார். வலக்கையில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். பாட்டுப் புத்தகத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்ப முடியாமல் பக்கத்தில் நின்றவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரம் ஒரு கை மட்டும் மேலே வந்தது.

பூசை முடிந்து வெளியில் வந்ததும் தெரேசக்கா என்ன நடந்ததென்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுந்துவிட்டது என்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தெரேசக்கா விலகிப்போகும்வரை சுத்தியலைப் பற்றியே விசாரித்தேன், எத்தனை இறாத்தல், எந்தப் பக்கம் விழுந்தது என்றெல்லாம். அவருடைய முகம் வியர்த்தது.

தனித்து நின்றபோது என் கட்டைவிரலைக் காட்டி, எனக்கும் ஒருமுறை இதே சுத்தியல் விழுந்தது என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கட்டை அவிழ்த்தார். மூன்று விரலும் உள்ளங்கையின் ஒரு பாதியும் கரியாக இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார், தேசிக்காய் போட்டுத் தேய்த்திருக்கிறார், மனைவிக்குத் தெரியாமல் செங்கல்லிலும் தேய்த்திருக்கிறார். கையே அழுகப்போகிறதென்று இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று.

"இது போகாதோ மிஸ்?" என்று கேட்டார். அந்தக் கனத்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பத்துப் பன்ரண்டு நாளையில தோல் உரிஞ்சு போயிடும். பயப்படாதேங்கோ. தூணுக்குள்ள இருக்கிறதுதான் போகாது."

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் பயிற்சியில் இருந்த கிழமை பவுசர் பழுதாகி மூன்று நாள் வரவில்லை. தூணுக்குப் பலகைப் பெட்டி அடித்துக் கம்பி கட்டி எல்லாம் தயார். ஆற்று மணலும் கொஞ்சம் குறைந்தது. மேசன்மார் சும்மா இருந்தார்கள். நான் வருவதற்குள் தூணைக் காட்டிவிடவேண்டும் என்று நினைத்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீரும் கரை மணலும் நான்கு தூணுக்குள்ளும் போனது. அந்தப் பழைய மண்டபத்தின் கூரை யார் கட்டியது என்று கேட்டேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவும் அவர்தான்.

ஏமாற்றவேண்டும் என்று கட்டவில்லை மிஸ், அந்த நாளில் இங்கே எல்லோரும் அப்படித்தான் கட்டினோம் என்றார். அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் இந்த முறை அவருக்குத் தெரிந்திருந்தது.

5. நல்ல கம்பி

சங்கத்தாரிடம் அவரே சொல்லவேண்டும் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை வளவில் எல்லோரும் கூடியபோது சொன்னார். விரலையும் காட்டினார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. புதிய போத்தல் ஒன்று வாங்கி வந்திருந்தேன், அன்றைக்கு அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அத்திவாரத்தில் விட்டேன், பழுப்பு. தூண்களில் விட்டேன், நான்கும் பால் வெள்ளை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. சவிரிமுத்தர் ஒரு தூணை முதலில் உடைத்து உள்ளே பார்ப்போம் என்றார். நியாயமான பேச்சுத்தான். கறுத்த கையாலேயே அவர் சுத்தியலைப் பிடித்தார். அரை நாள் அடித்தும் தூண் இலேசில் உடையவில்லை. உப்பு கொங்கிறீற்றைத் தொடக்கத்தில் சீக்கிரம் இறுகவைக்கும், அதனால் அந்தத் தூண்கள் நல்ல தூண்களைவிட நன்றாகவே இறுகியிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவர் சுத்தியலை ஊன்றிக்கொண்டு, பாருங்கோ மிஸ் என்ன பலம் என்று என்னைப் பார்த்தார்.

கடைசியில் கம்பி தெரிந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு துரு இல்லை. கடையிலிருந்து வந்த கம்பிபோல் இருந்தது.

சில கிழமைகளில் துரு தெரியவராது, அதற்கு வருடங்கள் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அங்கே நின்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? மண்டபத்தைப் பூட்டியதிலிருந்து முன்பள்ளி ஒரு மரத்துக்குக் கீழே நடந்தது. மாரி வரப்போகிறது. கையில் பலமான தூண், உள்ளே சுத்தமான கம்பி. மிஞ்சிய மூன்றையும் ஏன் உடைக்கவேண்டும் என்று பின்னால் நின்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். எஞ்சினியரும் வந்திருந்தார். வெளியால் ஏதாவது பூசிச் சமாளிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். வெளியிலிருந்து வரும் உப்பைப் பூச்சு கொஞ்சம் மறிக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது என்ன செய்யும் என்றேன். அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை.

தெரேசக்கா முன்னுக்கு வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கருவாட்டு வியாபாரி. முப்பது வருடமாக மீனுக்கு உப்புப் போடுகிறவர்.

"உப்புப் போட்ட அண்டைக்குக் கருவாடும் பச்சை மீன் மாதிரித்தான் கிடக்கும்," என்றார். "எத்தினை தண்ணியில கழுவினாலும் உள்ளுக்குப் போன உப்பு வெளியில வராது. என்ர பேரப்பிள்ளையை நான் இதுக்குக் கீழ விடமாட்டன். மற்ற மூண்டையும் உடையுங்கோ."

என் போத்தலும் படிப்பும் செய்யாததை அந்த வார்த்தைகள் செய்தன. அந்தக் கரையில் உப்பு என்ன செய்யும் என்று தெரியாதவர் யாருமில்லை, அதைத் தூணோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று தூணும் விழ இரண்டு நாள் எடுத்தது. சவிரிமுத்தர் கடைசி அடிவரை நின்றார். கம்பிகளையும் புதிதாக மாற்றினோம். அத்திவாரத்திலிருந்து வரும் கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நல்ல தண்ணீரால் கழுவினோம். வளவுக் கிணற்றின் வாளியைத் தெரேசக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6. சிலாப் போட்ட நாள்

புதிய தூண்களும் சுவர்களும் எழும்பிய பிறகு, மாரிக்கு முன் கூரைச் சிலாப் போடவேண்டும் என்று ஊரே வந்து நின்றது. கொங்கிறீற்று நிரப்பிய தாச்சிச் சட்டிகளைக் கைமாற்ற ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். மாதர் சங்கம் ஒரு பக்கம் சோறும் மீன்குழம்பும் காய்ச்சியது. நான் காலையிலேயே கம்பிகளைப் பார்த்துவிட்டேன், கட்டிகளை எண்ணிவிட்டேன், தண்ணீரையும் மணலையும் சோதித்துவிட்டேன். பிறகு கீழே இறங்கி எஞ்சினியருக்கும் அவரோடு வந்த இன்னும் இரண்டு உத்தியோகத்தருக்கும் கறுத்த விரல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தியல் எத்தனை இறாத்தல் என்று கேட்ட கட்டத்தில் அவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் நன்றாக நடித்துக் காட்டினேன்.

அந்த நேரம் ஒரு மேசன் வந்து என்னிடம் ஏதோ கேட்டார். நான் ஓம் ஓம் என்றேன். அவர் போனார்.

முதல் தாச்சிகள் மேலே போய்க் கொஞ்ச நேரத்தில் வேலை நின்றது. கம்பி கட்டும் லெட்சுமணன் கடல் பக்கத்துக் கம்பி வலையின் மேலே போய் உட்கார்ந்துவிட்டார், எழும்பமாட்டேன் என்கிறார் என்று சொன்னார்கள். லெட்சுமணன் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்தவர். அதிகம் பேசமாட்டார். நான்கு தூணுக்கும் இரண்டாம் தடவை கம்பி கட்டியபோதும் ஒரு சொல் சொல்லாதவர். நான் ஏணியில் ஏறிப் போனேன். அவர் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். முருகைக் கல். கடலில் கிடந்து உப்பும் துளையுமாக இருக்கும் கல்.

"கட்டிங்க மேல நடந்து நடந்து பாதி உடைஞ்சு போச்சுங்க மிஸ். கம்பி பலகையில படுத்துக் கெடக்கு. கட்டி பத்தாத எடத்துக்கு இத வச்சிருக்காங்க. நீங்கதான் வைக்கச் சொன்னீங்கன்னு சொல்றாங்க. எனக்கு நம்ப முடியல. அதான் உங்ககிட்டயே கேட்டுப்புடலாம்னு ஒக்காந்துட்டேன்."

கீழே பார்த்தேன். அந்த மேசன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டி போதாது, கல்லுத் துண்டு வைக்கட்டோ என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். தூண் நான்கையும் உடைப்பித்த நான், பிள்ளைகளின் தலைக்கு மேலே உப்புக் கல்லை வைக்க ஓம் என்றிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

மறுக்க ஒரு வழி இருந்தது. தான் கேட்கவில்லை என்று மேசனைச் சொல்லவைத்திருக்கலாம், அவர் பாவம் ஒப்புக்கொண்டிருப்பார். சவிரிமுத்தர் ஏணியின் நடுவில் நின்று என் முகத்தையே பார்த்தார். அவருடைய விரல்களில் புதுத்தோல் வந்துவிட்டிருந்தது.

"நான்தான் சொன்னனான். என்ன கேட்டவரெண்டு கவனிக்காமல் ஓம் எண்டிட்டன். எல்லாத்தையும் எடுங்கோ," என்றேன்.

சவிரிமுத்தர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேலே வந்து, முழங்காலில் நின்று கல்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். கொட்டியிருந்த கொஞ்சக் கொங்கிறீற்றையும் வழித்து எடுத்தோம். முன்னமே செய்து நனைத்து வைத்திருந்த மேலதிகக் கட்டிகள் பழைய மண்டபத்துத் தாழ்வாரத்தில் கிடந்தன. அவை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கம்பிக்கு மேலால் நடக்கப் பலகைப் பாதை போட்டோம். ஒவ்வொரு கட்டியையும் லெட்சுமணன் கம்பியால் கட்டினார், நான் பின்னாலேயே போய் அளந்தேன். அதற்குள் மத்தியானமாகிவிட்டதால் வேலைக்கு முன்னமே எல்லோரும் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். சிலாப் பொழுதுபடுவதற்குள் முடிந்தது. அந்த மாரிக்குப் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள்.

வேலைக் குறிப்பேட்டில் நிறுத்தத்தைப் பதியவேண்டும். நிறுத்தியவர் என்ற இடத்தில் லெட்சுமணன் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ரீ.ஓ. கேள்வியைக் கவனிக்காமல் அனுமதி கொடுத்ததால் என்று எழுதினேன். எஞ்சினியர் அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆர் இந்த லெட்சுமணன்? எந்தக் கந்தோர்?" என்று கேட்டார்.

எந்தக் கந்தோரிலும் உத்தியோகம் இல்லை, கம்பிக்கு மேலே இருந்தவர் என்றேன். காரணத்தையாவது தொழில்நுட்பக் காரணம் என்று மாற்றலாமே என்றார். மாற்றவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதிலிருந்து நான் படித்தது ஒன்றுதான், அதை இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உப்பைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது. கவரை அளக்க ஒரு அடிமட்டம் போதும். இவை எல்லாம் சரியாக இருக்கும்போதும் மேற்பார்வை செய்கிறவரின் ஒரு வார்த்தையால் கம்பி கெட்டுப்போகலாம். ஆகவே சேவையில் மிஞ்சியிருந்த வருடங்களில், கொங்கிறீற்று போடும் நாளில் யார் என்ன கேட்டாலும், "திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ" என்பேன். இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் பதில் சொல்வேன்.

இதனால் ரீ.ஓ. மிஸ்ஸுக்குக் காது கேட்காது என்று தீவு முழுக்கக் கதை பரவிவிட்டது. ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் மன்னார் மீன் சந்தையில் எனக்கு மட்டும் சத்தமாகக் கத்தித்தான் பேசுகிறார்கள். நானும் கையைக் காதடியில் வைத்துக்கொண்டு ஒருக்காத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். இரண்டாம் முறை சொல்லும்போது மீன் எப்போது பிடித்தது என்ற கதை பெரும்பாலும் கொஞ்சம் மாறித்தான் வரும்.